எண்ணெய் உறையும் மாதங்களில் வீட்டுப் பெரியவர்கள்

போன மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன், கோபி பக்கம் ஒரு கிராமம். காலை ஐந்தரை மணி இருக்கும். தலைக்கு வைக்கலாம் என்று தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வரவில்லை, வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கிறது. அதை அடுப்புப் பக்கம் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனால், 79 வயது அப்பா சிமெண்டுத் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். குளிரலையா என்று கேட்டேன். "இதெல்லாம் ஒரு குளிரா கண்ணு?" என்றார். துண்டை வாங்கித் துடைத்துவிடும்போது கையைப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய் நகக்கண் நீலம் பூத்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே குளிர் தெரியவில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் கிட்டத்தட்ட 24 டிகிரியில் உறையத் தொடங்கும். அதாவது பாட்டிலில் எண்ணெய் கட்டியாகிவிட்டது என்றால் அந்த அறை 24க்குக் கீழே போய் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. காசு செலவில்லாத தெர்மாமீட்டர். குளிர் மாதங்களில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், முதியவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் தேவைப்படலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டியின் கணக்கு. 24 எங்கே, 18 எங்கே, நமக்கு என்ன கவலை என்று தோன்றும். ஆனால் கொங்குப் பக்கம், தர்மபுரி, ஓசூர், வேலூர் எல்லாம் தை மாத விடியலில் அந்தப் பதினெட்டைத் தொட்டுக் கீழேயும் இறங்குகிற ஊர்கள். காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, நாலு பக்கமும் வெண்டிலேட்டர் வைத்த நம்முடைய வீட்டில் விடியற்காலையில் வெளியே என்ன குளிரோ, உள்ளேயும் ஏறக்குறைய அதேதான். கட்டியதே வெயிலை மனதில் வைத்துத்தானே.

குளிர் என்றால் நாம் டெல்லியை நினைக்கிறோம், பனி கொட்டும் கனடாவை நினைக்கிறோம். டொரொண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு அம்மாவை அனுப்பும்போது தெர்மல், ஜாக்கெட், கையுறை என்று ஒரு பெட்டி நிறைய வாங்குகிறோம். அதே அம்மா ஈரோட்டில் மார்கழி நாலரை மணிக்கு ஈர முடியோடு, பருத்திப் புடவையோடு வாசலில் குத்துக்காலிட்டு அரை மணி நேரம் கோலம் போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. குளிர்ந்த ஊர்க்காரர்களைவிட, இளஞ்சூட்டு ஊர்க்காரர்களைத்தான் குளிர் அதிகம் அடிக்கிறது.

இது என் ஊகம் இல்லை. 1997இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஐரோப்பாவின் பல ஊர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. வெளி வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் சாவு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். தெற்கு பின்லாந்தில் 0.27 சதவீதம். ஏதென்ஸில் 2.15 சதவீதம். கிட்டத்தட்ட எட்டு மடங்கு, அதுவும் வெயிலுக்குப் பேர்போன ஊரில். காரணத்தையும் தேடியிருக்கிறார்கள்: வெளியே 7 டிகிரி இருக்கும் நாளில் பின்லாந்துக்காரர் வீட்டுக் கூடத்தில் 21.7 டிகிரி, ஏதென்ஸ் வீட்டில் 19.2. வெளியே போகும்போது தலையை மூடியவர்கள் பின்லாந்தில் 72 சதவீதம், ஏதென்ஸில் 13 சதவீதம். குளிரைக் குளிர் என்று மதித்தவன் பிழைத்தான், இதெல்லாம் ஒரு குளிரா என்றவன் மாட்டினான். ஏதென்ஸிலும் யாரோ ஒரு அப்பா இதே வசனத்தைப் பேசியிருப்பார் போல.

அப்புறம் 2015இல் அதே இதழில் இன்னும் பெரிய ஆய்வு. 13 நாடுகள், 7 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்ட இறப்புகள். வெப்பநிலையோடு தொடர்புபடுத்தக்கூடிய இறப்பு சுமார் 7.7 சதவீதம், அதில் வெயிலின் பங்கு வெறும் 0.4, மீதி முழுக்கக் குளிர். அந்தக் குளிரிலும் கடுங்குளிர் நாட்களின் பங்கு கொஞ்சம்தான். சட்டை செய்யாமல் விடுகிற மிதமான குளிர் நாட்கள், அவைதான் எண்ணிக்கையில் அதிகம், அவைதான் ஆளை அதிகம் கொண்டுபோகின்றன. நம் ஊர்க் குளிர் முழுவதும் இந்த வகைதானே.

சரி, பதினெட்டு இருபது டிகிரி ஒரு மனிதனை என்ன செய்துவிடும்? விறைத்துச் சாகடிக்காது. அது வேறு வழியில் வேலை செய்கிறது. தோல் குளிர்ந்ததும் உடம்பு சூட்டைக் காப்பாற்ற, கைகால் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அப்பாவின் விரல் வெளுத்தது அதனால்தான். குழாய் சுருங்கினால் ரத்தம் நடுவுடம்புக்குத் திரும்பும், பிபி ஏறும், இதயம் அதிக அழுத்தத்தை எதிர்த்து அடிக்க வேண்டியிருக்கும். நடுவுடம்பில் ரத்தம் கூடியதைப் பார்த்து உடம்பு, தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று தப்புக்கணக்குப் போட்டு சிறுநீராக வெளியேற்றும். குளிர்காலத்தில் அடிக்கடி எழுந்து போவது இதனால்தான். நீர் போகப் போக ரத்தம் கெட்டிப்படும், சிவப்பணுக்களும் உறைய வைக்கும் தட்டணுக்களும் நெருக்கமாகும். ஏற்கெனவே கொழுப்பு படிந்த குழாய், ஏறிய அழுத்தம், கெட்டியான ரத்தம். இதற்குமேல் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் என்ன வேண்டும்? விடியலில் எழும் நேரத்தில் பிபி தானாகவே ஏறும், மாரடைப்பு காலையில்தான் அதிகம் வரும் என்பது டாக்டர்களுக்குப் பழைய செய்தி. அந்த நேரத்தில் போய்த்தான் நாம் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறோம்.

இளவயதுக்காரனுக்கும் இதெல்லாம் நடக்கும்தான். ஆனால் அவனுக்கு நடுக்கம் எடுக்கும், அந்த நடுக்கம் சூட்டை உண்டாக்கும், அய்யோ குளிருதே என்று அவனே ஓடிப்போய்ப் போர்த்திக்கொள்வான். வயதானால் தசை குறைந்துவிடுகிறது, தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு வற்றிவிடுகிறது, நடுக்கம் மெதுவாகத்தான் வரும் அல்லது வராது, எல்லாவற்றுக்கும் மேலே குளிரை உணரும் திறனே மழுங்கிவிடுகிறது. சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி இன்னும் மோசம். தைராய்டு குறைவாக இருந்தால் உடம்பில் அடுப்பே சின்னதாகத்தான் எரியும். தூக்க மாத்திரை போடுகிறவர்களுக்கு நடுராத்திரி போர்வை விலகினாலும் தெரியாது.

அதனால் "குளிருதாம்மா?" என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. கேட்காதீர்கள், தொட்டுப் பாருங்கள். கையைத் தொட்டால் போதாது, கை யாருக்கும் சில்லென்றுதான் இருக்கும். வயிற்றை, முதுகை, துணிக்கு உள்ளே தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே சில்லென்று இருந்தால் உடம்பு உள்ளேயே குளிர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே, நம் பழைய கணக்கில் 95 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அது ஆபத்து. காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி தெர்மாமீட்டரில் கோடே 94இல்தான் தொடங்கும், ஏனென்றால் அது சூட்டைப் பார்க்கச் செய்தது. டிஜிட்டல் ஒன்று வாங்கி வையுங்கள். அப்படி இறங்கும்போது ஆள் வெடவெடவென்று நடுங்குவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். மந்தமாவார், பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருப்பார். வீட்டில் எல்லோரும் "வயசாச்சு, தூக்கக் கலக்கம்" என்று விட்டுவிடுவோம். ஈரத்துணி இருந்தால் மாற்றி, உலர்ந்த போர்வையால் நெஞ்சு வயிறு தலை என்று மூடி, நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, 108ஐக் கூப்பிட வேண்டும். கைகாலைப் பரபரவென்று தேய்ப்பது, சுடுதண்ணீரில் உட்கார வைப்பது இரண்டும் கூடாது. சூடு மெல்லத்தான் ஏற வேண்டும்.

தேய்ப்பது என்றதும் நினைவு வருகிறது, பிராந்தி. ‘ஒரு மூடி உள்ளே போனா குளிர் தெரியாது’ என்று கல்யாண வீட்டிலிருந்து சுடுகாடு வரை எல்லா இடத்திலும் சொல்லுவார்கள். தெரியாதுதான், உண்மை. மது, சுருங்கியிருந்த தோல் குழாய்களைத் திறந்துவிடும். உள்சூடு தோலுக்கு வந்து வெளியே ஓடிப்போகும். ஆளுக்குக் கதகதப்பாக இருக்கும், உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும். தெரிய வேண்டிய குளிரைத் தெரியாமல் செய்வதுதான் அதன் வேலை.

பக்கவாதத்தைப் பற்றி ஒன்றைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு: ‘பனிக்காத்து அடிச்சு வாய் கோணிப்போச்சு.’ என் பெரியம்மா ஒருவருக்கு அப்படித்தான் சொன்னார்கள். தை மாசம், விடியற்காலையில் பால் ஊற்றப் போய்விட்டு வந்தவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. காற்று அடித்துவிட்டது என்று சூடு ஒத்தடம், பக்கத்து ஊரில் மந்திரிப்பு, மத்தியானம் தூங்கி எழுந்து, கை தூக்க வரவில்லை என்றபிறகுதான் வண்டி பிடித்தார்கள். முகநரம்பு மட்டும் வீங்கி வாய் கோணுவது உண்டு, அது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் எது முகநரம்பு, எது மூளை என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க நமக்கு நேரம் கிடையாது. மூளைக்குப் போகும் ரத்தத்தில் கட்டி அடைத்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வரி பேசச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று கோணினால் ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராக. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பெரியம்மா பிழைத்தார். வலது கை இன்றைக்கும் மடியில்தான் கிடக்கிறது.

பிபி மாத்திரை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வெயில் காலத்தில் சரியாக இருந்த அளவு குளிர் மாதங்களில் போதாமல் போகலாம், பிபி சில புள்ளிகள் ஏறி நிற்கும். கார்த்திகை பிறந்ததும் ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுவது நல்லது. நாமாக ஒரு மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டாம். சிலர் ராத்திரி எழ வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள், அல்லது நீர் மாத்திரையை ரகசியமாக விட்டுவிடுவார்கள். முதியவர்களுக்குத் தாகமும் குறைவு. கேட்டால் "குடிச்சேனே" என்பார்கள், சொம்பு வைத்தது வைத்தபடி இருக்கும். வெந்நீராக, ரசமாக, சுக்குக் காப்பியாக, எப்படியாவது பகலில் உள்ளே போக வேண்டும், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு தண்ணீர் என்பதில் இதயம், சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன கணக்கு.

ராத்திரி எழுவது என்றால் விழுவதும் உண்டு. கிராமத்து வீட்டில் கக்கூஸ் கொல்லைப்புறத்தில் இருக்கும். கதகதப்பான போர்வையிலிருந்து சடாரென்று எழுந்து, கதவைத் திறந்து, பனிக்காற்றில் இருபது அடி நடந்து, ஈரத் தரையில் கால் வைக்கிறார் எண்பது வயதுக்காரர். படுக்கையிலேயே ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். வழியில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். முடிந்தால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பாவோ யூரினலோ, வெட்கப்படுவார்கள், நாலு நாளில் பழகிவிடும். குளிருக்கு சாக்ஸ் போட்டுவிடுவது நல்ல எண்ணம்தான், டைல்ஸ் தரையில் அது சறுக்கும் பலகை. அதற்குப் பதில் வீட்டுக்குள் போட ரப்பர் செருப்பு, பின்பக்கம் பட்டை வைத்தது. தரையில் பாய் விரித்துப் படுத்தே பழகியவர்களுக்குப் பாய்க்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியை விரித்தோ, பழைய ஜமக்காளத்தை நாலாக மடித்தோ போட்டாலே போதும். மேலே மூன்று போர்வை போட்டும் குளிர்கிறது என்றால் தரைதான் கீழிருந்து சூட்டை இழுக்கிறது என்று பொருள்.

சூடு பண்ணுகிறேன் என்று நாம் செய்வதுதான் சில சமயம் குளிரைவிட மோசமாகிவிடுகிறது. பிளாஸ்டிக் பக்கெட்டில் மாட்டும் ஹீட்டர் ராடு இருக்கிறதே, சூடாகிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லாப் பாட்டிக்கும் உண்டு. பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரைத் தொடக்கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடும். அந்த வேலையை அவர்களிடம் விடாமல் இருப்பதுதான் வழி, அல்லது விறகடுப்பு அண்டாவுக்கே திரும்பிவிடுவது. சர்க்கரை உள்ளவர்கள் காலுக்கு வெந்நீர்ப் பையும் சூடு செங்கல்லும் வேண்டவே வேண்டாம், பொத்துப்போன பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும்.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இது இன்னொரு உருவம் எடுக்கிறது. அங்கே குளிர் உண்மையான குளிர், உறைபனி விழுகிற ராத்திரிகள். கரி போட்ட நெருப்புச் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து, கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் துணி அடைத்துப் படுப்பார்கள். புகை இல்லையே, கரி கணகணவென்றுதானே இருக்கிறது என்று நினைப்பு. புகை இல்லாத கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது, நிறம் கிடையாது, வாசம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், அவ்வளவுதான். காலையில் கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். சட்டியை மாலையில் வைத்துக் கைகால் காய்ந்துவிட்டு, படுக்கும் முன் வெளியே வைத்துவிட வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

பனி தலையில் இறங்கிச் சளி பிடிக்கிறது என்பது பாதி சரி. சளி வைரஸால் வருவது. ஆனால் குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும், இழுப்பு உள்ளவர்களுக்கு அது போதும். அதோடு பனிக்கால விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, புகையையும் தூசியையும் மேலே எழவிடாமல் மூடி வைக்கும். போகியன்று சென்னையில் இது உச்சம், 2018 போகிப் புகைமூட்டத்தில் விமானங்களே இறங்க முடியாமல் தடுமாறின. அந்த ஒரு காலையாவது வீசிங் உள்ளவர்களை ஜன்னல் சாத்திய அறையில் வைத்திருங்கள், நடைப்பயிற்சியை ஒன்பது மணிக்குத் தள்ளிவிடுங்கள். குரங்குக் குல்லா நல்லது, மூக்கை மூடும் மஃப்ளர் இன்னும் நல்லது. ஃப்ளூ ஊசி வருடத்துக்கு ஒன்று, நிமோனியா ஊசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். முதியவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் இல்லாமலும் இருக்கும், திடீரென்று சாப்பாடு இறங்காது, மூச்சு வேகமாக வாங்கும், ஆள் குழம்புவார்.

கோயிலையும் விரதத்தையும் பற்றிப் பேசாமல் நம் குளிர்காலத்தைப் பேச முடியாது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் காலை மாலை இரண்டு வேளையும் பச்சைத் தண்ணீர்க் குளியல், வெறுங்கால், அப்புறம் மலை ஏற்றம். பம்பையிலிருந்து ஏறும் வழியில் நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் கேரள அரசு இதய சிகிச்சை மையங்களை வைத்திருப்பது சும்மா இல்லை. ஏற்றம்தான் அங்கே முதல் காரணம், ஆனாலும் அறுபது தாண்டி, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு மாலை போடுகிறவர்கள் கார்த்திகைக்கு முன்பே டாக்டரைப் பார்ப்பதிலும், வெந்நீரில் குளிப்பதிலும் ஐயப்பனுக்கு வருத்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. குருசாமிகள் சிலரே வயதானவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் மகன் சொன்னால் எடுபடாது, அதுவும் தெரிந்ததே.

இன்னொன்று, பொங்கல் முடிந்ததும் கம்பளியை மடித்துப் பரணில் போட்டுவிடுவோம். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று பழமொழியே இருக்கிறது. பழைய கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், விடியலில் சில்லென்று இறங்கும், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரியவர்கள் உடம்பு திணறும். மாசி பாதி வரைக்கும் போர்வை கட்டிலிலேயே கிடக்கட்டும்.

அப்பாவிடம் நான் குளிர், பிபி, ஏதென்ஸ் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார், மறுநாள் ஐந்தரைக்குத் தொட்டியடியில் நின்றார். கடைசியில் அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். எண்ணெய் பாட்டிலை அவர் குளிக்கப் போகும் வழியில் மாடக்குழியில் வைத்துவிட்டாள். "எண்ணெய் இளகுனா குளிங்க, இல்லாட்டி அண்டாவுல வெந்நி இருக்குது, மொண்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போது அவர் காலையில் எழுந்ததும் பாட்டிலை எடுத்துச் சாய்த்துப் பார்க்கிறார். எண்ணெய் இளக எட்டு மணி ஆகிவிடுகிறது. அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லாததால், முணுமுணுத்துக்கொண்டே வெந்நீரில் குளிக்கிறார்.